ஒன்றும் ஐந்தும்

ஃபினாஸ்டரைடு என்கிற ஒரே மருந்து மருந்துக் கடையில் இரண்டு அட்டைகளாகக் கிடைக்கிறது. ஒன்றில் மாத்திரைக்கு 5 மில்லிகிராம். அறுபதைத் தாண்டி, புராஸ்டேட் சுரப்பி வீங்கி, இரவில் நாலைந்து முறை எழுந்து போகிறவருக்கு யூராலஜி டாக்டர் எழுதித் தருவது அது. மற்றதில் 1 மில்லிகிராம். முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறதே என்று கண்ணாடி முன் நிற்கும் முப்பது வயதுக்காரருக்குத் தோல் டாக்டர் எழுதித் தருவது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடும்: இது பவர் ஜாஸ்தி, அது பவர் கம்மி; பெரியவருக்கு முழு மருந்து, இளைஞருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு; ஆகவே வேலையும் ஐந்தில் ஒரு பங்கு, ஆபத்தும் ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை நோயாளிகள் மட்டுமல்ல, மருந்துக் கடைக்காரர்களும் போடுகிறார்கள், சில மருத்துவர்களும் போடுகிறார்கள். கணக்கு தவறு. இந்த மருந்தைப் பொறுத்தவரை ஒரு மில்லிகிராமும் ஐந்து மில்லிகிராமும் உடலுக்குள் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டு அட்டைகளையும் பிரித்து வைத்ததில் மருந்தியலுக்குப் பங்கு குறைவு. சோதனைகள் நடந்த வரிசைக்கும் காப்புரிமைக்கும் வியாபாரத்துக்கும் பங்கு அதிகம். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பக்கவிளைவு பற்றியும், மாத்திரையை உடைத்துச் சாப்பிடுவது பற்றியும், எல்லாவற்றையும்விட புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை பற்றியும் நாம் எடுக்கும் முடிவுகள் மாறும்.

வழுக்கைக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு முதல் துப்பு 1942இல் கிடைத்தது. அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடைவதற்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று எழுதினார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் எந்த ஹார்மோன் என்பது முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெளிவானது. 1974இல் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தில் உறவுக்குள் மணந்துகொண்ட சில குடும்பங்களைப் பற்றி ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அங்கே பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தோன்றிய சிலர் பருவ வயதில் ஆண்களாக மாறினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியம் மிக்க வடிவமாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. தலையில் வழுக்கையும் விழவில்லை. மெர்க் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்ற ராய் வேஜலோஸ் இதன் பொருளை உடனே புரிந்துகொண்டார்: அந்த நொதியைத் தடுக்கும் ஒரு பொருள் கிடைத்தால் இயற்கை அந்தக் கிராமத்தில் செய்ததை மாத்திரையால் செய்யலாம்.

இரண்டு நன்மைகளும் அந்த ஆண்களிடம் சேர்ந்தே இருந்தன. மருந்து வந்தபோதுதான் அவை பிரிந்தன. 1992 ஜூன் மாதம் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடை ‘புரோஸ்கார்’ என்ற பெயரில் அனுமதித்தது. அதே மருந்து 1 மில்லிகிராமாக, ‘புரோப்பீசியா’ என்ற பெயரில், வழுக்கைக்காக அனுமதி பெற்றது 1997 டிசம்பரில். இடையில் ஐந்தரை ஆண்டுகள். ஒரு மருந்துக்கு இரண்டு பெயர், இரண்டு விலை, இரண்டு வகை மருத்துவர். ‘இரண்டு பவர்’ என்ற எண்ணம் வேரூன்றியது இங்கேதான்.

அந்த எண்ணம் ஏன் தவறு என்பதற்கு நொதியிடம் போக வேண்டும். பொதுவாக ஒரு மருந்து இரத்தத்தில் இருக்கும்வரை வேலை செய்யும், வெளியேறியதும் நிறுத்தும். ஃபினாஸ்டரைடின் அரை ஆயுள் ஆறு மணி நேரம், எழுபதைக் கடந்தவர்களுக்கு எட்டு மணி நேரம். இதை மட்டும் பார்த்தால் நாளுக்கு மூன்று வேளை விழுங்க வேண்டிய மருந்தாக அது இருக்க வேண்டும். ஆனால் அது நொதிக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோனைப் போலவே இதையும் மாற்றிவிடலாம் என்று நொதி வேலையைத் தொடங்குகிறது, நடுவிலே சிக்கிக்கொள்கிறது. அந்தப் பிணைப்பு அவிழ்வதற்கான அரை ஆயுள் சுமார் முப்பது நாள். ஆகவே இரத்தத்தில் எவ்வளவு மருந்து ஓடுகிறது என்பதைவிட, இன்னும் பிடிபடாத நொதி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பந்தியில் நூறு இலைதான் போட்டிருக்கிறது என்றால், வாசலில் இருநூறு பேர் நின்றாலும் ஆயிரம் பேர் நின்றாலும் அந்தப் பந்தியில் உட்காரப் போவது நூறு பேர்தான். ஒரு மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கிய 24 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் சுமார் 65 விழுக்காடு குறைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டாலும், ஐந்து மடங்கு சாப்பிட்டாலும் அது 70 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். மீதி 30 விழுக்காட்டை உண்டாக்குவது பெரும்பாலும் தோலிலும் கல்லீரலிலும் உள்ள முதல் வகை நொதி. ஃபினாஸ்டரைடு பிடிப்பது புராஸ்டேட்டிலும் முடி வேரிலும் உள்ள இரண்டாம் வகையை. முதல் வகையை அது எந்த அளவிலும் பெரிதாகத் தொடுவதில்லை.

இது வெறும் ஊகமல்ல. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் வழுக்கை உள்ள 249 ஆண்களைப் பிரித்து, 42 நாட்களுக்கு வெவ்வேறு அளவுகளில் மருந்து கொடுத்து, இரத்தத்தையும் தலைத்தோலையும் அளந்தார்கள். இரத்தத்தில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் குறைந்த அளவு இப்படி இருந்தது: 0.05 மில்லிகிராமுக்கு 49.5 விழுக்காடு, 0.2க்கு 68.6, 1க்கு 71.4, 5க்கு 72.2. தலைத்தோலில் 0.05 மில்லிகிராமுக்கு 61.6, 0.2க்கு 56.5, 1க்கு 64.1, 5க்கு 69.4. மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கே தலைத்தோலில் 13 விழுக்காடு குறைந்தது என்பதால் கடைசி எண்களின் சிறு ஏற்ற இறக்கங்களுக்கு அதிக மதிப்புத் தர வேண்டாம். வரிசையின் வடிவம்தான் முக்கியம். 0.01 மில்லிகிராமில் வெற்று மாத்திரையோடு சொல்லத்தக்க வேறுபாடில்லை. 0.05இல் வளைவு செங்குத்தாக எழுகிறது. 0.2க்கு மேல் அது ஏறத்தாழ படுத்துவிடுகிறது. 1 மில்லிகிராமிலிருந்து 5க்குப் போகும்போது மருந்து ஐந்து மடங்காகிறது. இரத்தத்தில் விளைவு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே கூடுகிறது.

முடியை எண்ணிப் பார்த்தாலும் அதே கதைதான். ஜப்பானில் 414 ஆண்களிடம் 48 வாரம் நடந்த சோதனையில் 1 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 58 விழுக்காட்டினருக்கும், 0.2 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 6 விழுக்காடுதான். 2005இல் ஜப்பான் இரண்டு அளவுகளையும் அனுமதித்தது. புராஸ்டேட் பக்கம் போனால் சான்று இன்னும் வெளிப்படையானது. 5 மில்லிகிராம் மாத்திரைக்கு அடித்தளமிட்ட 1992ஆம் ஆண்டு ஆய்விலேயே 1 மில்லிகிராமும் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 895 ஆண்கள், ஓராண்டு. சுரப்பி 5 மில்லிகிராமில் 19 விழுக்காடு சுருங்கியது, 1 மில்லிகிராமில் 18. சிறுநீர் பாயும் வேகம் முதல் பிரிவில் 22 விழுக்காடு கூடியது, இரண்டாவதில் 23. வேறுபாடு ஒன்றில்தான் இருந்தது: நோயாளிகள் தாங்களே சொன்ன தொந்தரவுகளின் மதிப்பெண் 5 மில்லிகிராமில் மட்டுமே புள்ளியியல் வாசலைத் தாண்டிக் குறைந்தது. அந்த ஒரே இழையில்தான் 5 மில்லிகிராம் நிற்கிறது. சுரப்பியும் ஓட்டமும் ஒன்று போல் மாறியிருக்க, தொந்தரவு மதிப்பெண் மட்டும் பிரிந்தது மருந்தின் வேறுபாட்டைக் காட்டிலும் அளவுகோலின் தளர்ச்சியைக் காட்டுகிறது என்பது என் வாசிப்பு. ஆனாலும் ஒரு நிறுவனம் இரண்டில் எல்லா வாசல்களையும் தாண்டியதைத்தான் அனுமதிக்கு அனுப்பும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த அளவு விவகாரம் நீதிமன்றம் வரை போனது பலருக்குத் தெரியாது. வழுக்கைக்கு 0.05 முதல் 1 மில்லிகிராம் வரை என்ற அளவுக்கே மெர்க் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தது. மருந்துக்கான காப்புரிமை வேறு. வழுக்கைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதும் முன்பே சொல்லப்பட்டிருந்தது. புதிதாகக் கோரப்பட்டது எண் மட்டும். இங்கிலாந்தில் ஆக்டாவிஸ் நிறுவனம் இதை எதிர்த்தது, கீழ் நீதிமன்றம் காப்புரிமையைத் தள்ளுபடி செய்தது, 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திரும்ப நிலைநிறுத்தியது. இவ்வளவு சிறிய அளவு வேலை செய்யும் என்று அன்றைய வல்லுநர் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார் என்பதே வாதத்தின் உயிர். வளைவு சமதளமாக இருக்கிறது என்ற அறிவியல் வியப்பே வணிக உரிமையாக மாறியது. அமெரிக்காவில் 5 மில்லிகிராமின் காப்புரிமை 2006இல் முடிந்தது. 1 மில்லிகிராமுக்குப் போட்டி மாத்திரைகள் வர 2013 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரிய மாத்திரை மலிவு, சிறிய மாத்திரை விலை அதிகம் என்ற விசித்திரம் நிலவியது. மாத்திரையை நான்காக வெட்டும் வழக்கம் இதனால் வலுத்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு கனமானது. இரண்டு அளவுகளும் ஒன்றுதான் என்றால் பக்கவிளைவுகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? 3,040 ஆண்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த பெரிய புராஸ்டேட் ஆய்வில், 5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் முதலாண்டில் 8.1 விழுக்காட்டினர் விரைப்புக் குறைவைச் சொன்னார்கள். 1 மில்லிகிராம் வழுக்கை ஆய்வுகளில் அது 1.3 விழுக்காடுதான். ஆறு மடங்கு! மருந்து ஐந்து மடங்கு, தொந்தரவு ஆறு மடங்கு. கணக்குப் பொருந்திவிட்டது போலத் தெரியும். ஆனால் பக்கத்துப் பத்தியையும் படிக்க வேண்டும். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே புராஸ்டேட் ஆய்வில் 3.7 விழுக்காட்டினரும் வழுக்கை ஆய்வில் 0.7 விழுக்காட்டினரும் அதே குறையைச் சொன்னார்கள். மருந்தே இல்லாதவர்களிடமும் ஐந்து மடங்கு வேறுபாடு! ஒரு பக்கம் அறுபதுகளில் இருக்கும் ஆண்கள், மறுபக்கம் 18 முதல் 41 வயதுக்காரர்கள். அளவிடப்பட்டது பெருமளவு வயதுதான். இரண்டிலும் மருந்துப் பிரிவு வெற்றுப் பிரிவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதைக் கவனித்தால், மருந்து தன் பங்குக்குச் செய்யும் வேலை இரண்டு அளவிலும் ஒரே விகிதத்தில் இருப்பது தெரியும். இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை புராஸ்டேட் ஆய்வில் புதிதாகச் சொல்லப்பட்ட விரைப்புக் குறைவு இரு பிரிவுகளிலும் 5.1 விழுக்காடாகச் சமமாயிற்று.

எதிர்பார்ப்பும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. 2007இல் இத்தாலியில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், 5 மில்லிகிராம் சாப்பிட்ட புராஸ்டேட் நோயாளிகளில் பாலுறவுப் பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்களில் 43.6 விழுக்காட்டினர் அதைச் சொன்னார்கள், சொல்லப்படாதவர்களில் 15.3 விழுக்காட்டினர். மருந்து ஒன்று, அளவு ஒன்று, எச்சரிக்கை மட்டும் வேறு. இதை வைத்துக்கொண்டு எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடுகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள், அது அநியாயம். சொல்லப்படாதவர்களில்கூட ஆறில் ஒருவர் சொன்னார் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. மருந்தை நிறுத்திய பிறகும் தொடரும் பாலுறவுக் குறைகள் பற்றிய எச்சரிக்கையை அமெரிக்கா 2012இல் மருந்தின் குறிப்பேட்டில் சேர்த்தது. 2025இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டரைடு மாத்திரையின் பக்கவிளைவு என்று 1 மில்லிகிராமுக்கும் 5 மில்லிகிராமுக்கும் சேர்த்தே உறுதிப்படுத்தியது. அப்படி வந்த புகார்களில் பெரும்பாலானவை 1 மில்லிகிராம் சாப்பிட்டவர்களிடமிருந்து வந்தவை. பவர் கம்மி என்றால் ஆபத்தும் கம்மி என்ற கணக்கு சரியாக இருந்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இளைஞர்கள் அதிகம், தோற்றக் கவலையோடு மருந்துக்கு வருகிறவர்கள் அதிகம், புகார் எழுதத் தெரிந்தவர்களும் அதிகம் என்ற காரணங்கள் உண்டு. அவற்றை ஒதுக்க முடியாது. ஆனால் 1 மில்லிகிராம் அட்டையைக் கையில் கொடுக்கும்போது மனச்சோர்வின் முன்வரலாற்றைக் கேட்காமல் விடுவதற்கு ‘சின்ன டோஸ்தானே’ என்பது காரணமாகாது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. சமதளம் 0.2 மில்லிகிராமிலேயே தொடங்கிவிடுகிறது என்றால் எல்லோருக்கும் 0.2 போதுமே, ஒன்று எதற்கு, ஐந்து எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் இதன் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: அளவைக் குறைத்தால் பக்கவிளைவு தப்பும், முடி தப்பாது என்று. சமதளத்தின் தர்க்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முடி வேரில் நொதியைத் தடுக்கிற அளவு மற்ற இடங்களிலும் அதைத் தடுக்கிறது. பயன் குறையாமல் இருக்கும் அளவு வரை பக்கவிளைவு குறைய வேண்டிய அவசியமில்லை. பக்கவிளைவு குறையத் தொடங்கும் இடத்தில் பயனும் சரியத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு ‘லேசாக்கிக்கொண்டேன்’ என்று நினைப்பவர் உண்மையில் அதே சமதளத்தில்தான் நிற்கிறார். இதற்கு நல்ல பக்கமும் உண்டு. ஒரு நாள் மறந்துவிட்டால் எதுவும் குடிமுழுகிப் போவதில்லை. மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளவும் தேவையில்லை. ஒரு மில்லிகிராமைத் தேர்ந்ததன் பொருள், மறதிக்கும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்கும் சமதளத்தின் உள்ளே கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும் ‘ஐந்தில் ஒரு பங்கு’ கணக்கு ஏன் சாகவில்லை? அதே மருந்துச் சீட்டில் இருக்கும் மற்ற மருந்துகள் அந்தக் கணக்கைத்தான் கற்றுக்கொடுக்கின்றன. புராஸ்டேட்டுக்குத் தரப்படும் டாக்ஸாசோசின் 1 மில்லிகிராமில் தொடங்கி 2, 4, 8 என்று படிப்படியாக ஏற்றப்படும். அது இரத்தக் குழாயையும் தளர்த்துவதால், எடுத்த எடுப்பிலேயே அதிகம் கொடுத்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரும். முடிக்குத் தரப்படும் மினாக்சிடில் மாத்திரை ஒரு காலத்தில் கடுமையான இரத்தக் கொதிப்புக்காக 10 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கப்பட்டது. இன்று தோல் மருத்துவர்கள் அதில் மிகச் சிறிய பங்கை, பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குள், எழுதுகிறார்கள். கால் வீக்கமும் படபடப்பும் வேண்டாத இடத்தில் முடி வளர்வதும் அங்கே அளவோடு சேர்ந்தே ஏறும். இந்த இரண்டிலும் மில்லிகிராம் நிஜமாகவே பேசுகிறது. இவற்றுக்கு நடுவில் இருக்கும் ஃபினாஸ்டரைடில் மட்டும் அது பேசுவதில்லை. 3,047 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வில் டாக்ஸாசோசின் நோய் முற்றுவதை 39 விழுக்காடும், ஃபினாஸ்டரைடு 34 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 66 விழுக்காடும் குறைத்தன. ஒன்றில் பலனைக் கூட்ட அளவை ஏற்றலாம். மற்றதில் பலனைக் கூட்ட இன்னொரு மருந்தைத்தான் சேர்க்க வேண்டும், அல்லது மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். சுரப்பி சுருங்கி ஓட்டம் சீராக ஆறு மாதமாவது ஆகும். இரண்டு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று மாத்திரையை இரட்டிப்பாக்குகிறவர் காசைத்தான் இரட்டிப்பாக்குகிறார்.

இந்தத் தவறான கணக்கு உயிரோடு விளையாடும் இடம் ஒன்று உண்டு: புராஸ்டேட் புற்றுநோயைத் துருவும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை. 5 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இந்த எண் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே வந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும் என்பது யூராலஜி டாக்டர்களுக்குப் பாலபாடம். முடிக்காக 1 மில்லிகிராம் சாப்பிடுகிறவருக்கு? அதே பாதிதான். 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் 48 வாரம் 1 மில்லிகிராம் சாப்பிட்ட ஆண்களில் நாற்பதுகளில் இருந்தவர்களுக்கு பி.எஸ்.ஏ. சுமார் 40 விழுக்காடும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சுமார் 50 விழுக்காடும் குறைந்தது. ஐந்தில் ஒரு பங்குக் கணக்குப்படி பத்து விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். இப்போது ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து வயதில் தொடங்கிய முடி மாத்திரை அவருக்குப் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. முழு உடல் பரிசோதனைக்குப் போகிறார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சர்க்கரைக்கு இது, பிரஷருக்கு இது என்பார். முடிக்கான மாத்திரையை மருந்தென்றே அவர் எண்ணுவதில்லை, கூச்சமும் சேர்ந்துகொள்ளும். பி.எஸ்.ஏ. 2.8 என்று வருகிறது. நாலுக்குக் கீழே இருப்பதால் நார்மல் என்று அச்சிட்ட தாள் சொல்கிறது. அவருடைய உண்மையான எண் 5.6.

இது கற்பனைப் பயமல்ல. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்ட 80,875 ஆண்களை ஆராய்ந்த கட்டுரை 2019இல் வந்தது. இந்த வகை மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, எண் உயர்ந்ததிலிருந்து புற்றுநோய் கண்டறியப்படும்வரை 3.6 ஆண்டுகள் ஆயின, சாப்பிடாதவர்களுக்கு 1.4 ஆண்டுகள். இரண்டால் பெருக்கிச் சரிசெய்தபின் பார்த்தால், கண்டறியப்பட்டபோது முதல் பிரிவின் எண் 13.5, மற்றவர்களுடையது 6.4. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 13 விழுக்காட்டை நெருங்கினார்கள், மற்ற பிரிவில் 8 விழுக்காடு. மருந்து புற்றுநோயை வளர்த்ததாக இதற்குப் பொருளில்லை. 18,882 ஆண்களிடம் ஏழு ஆண்டுகள் 5 மில்லிகிராமைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் 24.8 விழுக்காடு குறைவாகவே கண்டறியப்பட்டது; தீவிர வகை சற்றுக் கூடுதலாகத் தெரிந்து கிளப்பிய அச்சமும் நீண்டகால இறப்புக் கணக்குகளில் உறுதிப்படவில்லை. கொன்றது எண்ணைத் திருத்திப் படிக்காத பழக்கம். அந்தப் படைவீரர்கள் பெரும்பாலும் புராஸ்டேட்டுக்காக, மருத்துவர் அறிய, பதிவேட்டில் எழுதப்பட்டு மருந்து சாப்பிட்டவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், பதிவேட்டில் ஏறாத முடி மாத்திரைக்காரர்களை என்ன சொல்வது?

சமதளத்தின் தர்க்கத்தை எங்கெல்லாம் நீட்டக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். புற்றுநோய்த் தடுப்பு ஆய்வு நடந்தது 5 மில்லிகிராமில், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம். அறுவை சிகிச்சையின் தேவையைப் பாதிக்கு மேல் குறைத்த நான்காண்டு ஆய்வும் 5 மில்லிகிராமில்தான். ஹார்மோன் எண் ஒன்றாக இருப்பதால் இந்தப் பலன்களும் 1 மில்லிகிராமில் அப்படியே கிடைக்கும் என்று உரிமை கொண்டாட முடியாது. புராஸ்டேட் நோயாளி தன் மகனுடைய முடி மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்ள நான் யோசனை சொல்ல மாட்டேன். இரண்டு குறையும் ஒருவருக்கே இருந்தால் கேள்வி எளிது: புராஸ்டேட்டுக்கான 5 மில்லிகிராம் மாத்திரை முடிக்கானதையும் செய்துவிடுகிறது. தோல் டாக்டரிடம் தனியாக இன்னொரு 1 மில்லிகிராம் வாங்கிச் சேர்ப்பது வீண். இரண்டு டாக்டர்கள் இரண்டு வணிகப் பெயரில் எழுதி, நோயாளி இரண்டையும் விழுங்குவது நம் ஊரில் எளிதாக நடக்கக்கூடியது. இந்தியாவில் ஒரே கம்பெனி 1 மில்லிகிராமை ஒரு பெயரிலும் 5 மில்லிகிராமை வேறொரு பெயரிலும் விற்கிறது. பெயரைப் பார்த்து இரண்டும் ஒரே சரக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

மாத்திரையை உடைப்பதைப் பற்றி மருத்துவர்கள் காட்டும் முகச்சுளிப்பு எனக்கு மிகையாகப்படுகிறது. ஐந்து மில்லிகிராமை நான்காக வெட்டினால் கணக்குக்கு 1.25 வரும், கத்தி பிசகினால் ஒரு துண்டில் 0.9, மற்றதில் 1.6. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தில் இந்தப் பிசகு ஆளையே சாய்க்கும். நொதியோடு ஒரு மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும் மருந்தில் அது ஒன்றும் செய்யாது. உண்மையான கவலை வேறு. முழு மாத்திரையின் மேல்பூச்சு மருந்தை உள்ளே மூடி வைத்திருக்கிறது. வெட்டினால் தூள் உதிரும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்து, அந்தத் தூளைத் தொட்டு அது உடலுக்குள் போனால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். டொமினிகன் கிராமத்தில் மரபணு செய்த அதே காரியம். முடி மாத்திரையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தை பெறும் வயதுக் குடும்பத்தினர் என்பதால், வெட்டக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

டூட்டாஸ்டரைடு என்ற அடுத்த தலைமுறை மருந்து இந்த விவாதத்துக்கு ஒரு நல்ல எதிர்ச்சாட்சி. அது நொதியின் இரண்டு வகைகளையும் பிடிக்கிறது. ஆகவே டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. அரை ஆயுள் மணிக்கணக்கில் இல்லை, சுமார் ஐந்து வாரம். புராஸ்டேட்டுக்கு அமெரிக்காவில் 2001இல் 0.5 மில்லிகிராமாக அனுமதிக்கப்பட்டது. தென் கொரியா 2009இல் அதே 0.5 மில்லிகிராமை வழுக்கைக்கும் அனுமதித்தது. இங்கே சின்ன அட்டை, பெரிய அட்டை என்ற நாடகமே இல்லை. ஆனால் 0.5 என்ற எண்ணைப் பார்த்து, 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடைவிடப் பாதி பவர்தான் என்று நினைத்து மாறுகிறவர்கள் உண்டு. அவர்கள் உண்மையில் இன்னும் ஆழமான, நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடலில் தங்கும் மருந்துக்குப் போகிறார்கள். தலையில் தெளிக்கும் ஃபினாஸ்டரைடு திரவங்களிலும் இதே மயக்கம்தான். பூசுவது தலையோடு நிற்கும் என்று விளம்பரம் நினைக்க வைக்கிறது. 2022இல் வெளியான சோதனையில் 0.25 விழுக்காட்டுத் திரவம் இரத்தத்தின் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனை 34.5 விழுக்காடு குறைத்தது, மாத்திரை 55.6. பாதிக்கு மேற்பட்ட வேலை இரத்தத்திலும் நடந்திருக்கிறது. பி.எஸ்.ஏ. பார்க்கும்போது தெளிப்பானையும் சொல்லியாக வேண்டும்.

மில்லிகிராமைவிட மருந்தின் பெயரும் சாப்பிட்ட காலமும்தான் முக்கியம் என்பதை ஏற்கெனவே புரிந்துகொண்டு விதி வகுத்த ஓரிடம் இரத்த வங்கி. கொடுத்த இரத்தம் கருவுற்ற பெண்ணுக்குப் போகலாம் என்பதால் அமெரிக்க இரத்த வங்கிகள் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களைக் காத்திருக்கச் சொல்கின்றன. புரோஸ்கார் சாப்பிட்டவர் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். புரோப்பீசியா சாப்பிட்டவரும் அதே ஒரு மாதம். 0.5 மில்லிகிராம் டூட்டாஸ்டரைடு சாப்பிட்டவருக்கு ஆறு மாதம்.